மாசிப் பௌர்ணமியன்று நம் மில் நடை சாத்திய விவரம்

உ
முருகன் துணை

மல்லசமுத்திரம் ரோடு,
மாசி 28, வியாழக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை ஜெகதீஸ்வரன் அவர்களுக்கு, அத்தை தெய்வநாயகி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமாவும், நம் தீவன மில்லும், மில்லை நம்பியிருக்கும் நாற்பத்து மூன்று பண்ணைகளின் கோழிகளும் சுப்ரமணியர் புண்ணியத்தில் சுகம். ஐதராபாத்தில் நீங்களும் பிரவீனாவும் குழந்தையும் ஒரு தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்க, தினமும் விளக்கேற்றும்போது உங்கள் மூவர் பெயரையும் தனித்தனியாகச் சொல்லித்தான் கும்பிடுகிறேன்.

அத்தை என்னத்துக்கு இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் நீங்களும் நானும் நேரில் பேசியது, வாங்க மாப்பிள்ளை, இன்னொரு தோசை வைக்கட்டுமா, போய்ட்டு வாங்க, இவ்வளவுதான். அதற்கு மேல் பேசிப் பழக்கமில்லை. போனில் சொல்லலாம் என்றால் பிரவீனா நடுவில் புகுந்து, அம்மா நீ சுருக்கமா சொல்லு என்று வாங்கி வைத்துக்கொள்கிறாள். இது சுருக்கமாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. நீங்கள் நம் மில்லுக்குச் செய்து கொடுத்த சாஃப்ட்வேர் பக்கம் சம்பந்தப்பட்டது. நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். அந்தப் பக்கத்தை இனி நான் தொடக்கூடாது, பங்குனி பிறப்பதற்குள் பாஸ்வேர்டை மாப்பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அடுப்படியோடு நிற்க வேண்டும் என்று உங்கள் மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் இந்தக் கடிதம். பாஸ்வேர்டைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வேறு யாராவது சொன்னால் ஒன்றுக்கு மூன்றாகச் சொல்வார்கள்.

நீங்கள் கட்டிக் கொடுத்த பக்கம் நல்ல பக்கம். பண்ணைக்காரர்கள் போனிலேயே நாளைக்கு எனக்கு இன்ன தீவனம் இத்தனை மூட்டை என்று போட்டுவிட, அது இங்கே ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் லோடு ஏற்றும் ஷெட்டில் மாட்டியிருக்கும் டிவியிலும் தெரிகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பார்வைக்கு அது, நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, சாணி மெழுகாத வாசல் மாதிரி இருந்தது. எல்லாம் சாம்பல் நிறம். குஞ்சுத் தீவனமும் சாம்பல், வளர்கோழித் தீவனமும் சாம்பல், முட்டைக்கோழித் தீவனமும் சாம்பல். எழுத்தோ எறும்பு ஊர்ந்த மாதிரி. லோடு மேஸ்திரி தங்கசாமி மாதம் ஒரு தரமாவது மூட்டையை மாற்றி ஏற்றுவார். அப்போதுதான் பிரவீனா சொன்னாள், செட்டிங்கில் கீழே ஒரு கட்டம் இருக்கிறது, அதில் வெளியில் இருக்கும் ஸ்டைல்ஷீட்டின் முகவரியைப் போட்டால் பக்கத்துக்கு என்ன நிறம் வேண்டுமானாலும் கொடுக்கலாம், அத்தைக்கு இஷ்டமிருந்தால் செய்து பார்க்கட்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள் என்று. ஆகவே இதில் ஒரு துளி உங்கள் பங்கும் உண்டு. ஒரு துளிதான்.

நான் பத்தாவது வரை படித்தவள். ஆனால் மத்தியானம் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் யூடியூப் பார்த்து, பார்த்ததை நோட்டில் எழுதி, எழுதியதைத் தட்டிப் பார்த்து ஒன்றரை வருஷத்தில் மூன்று நோட்டு முடித்திருக்கிறேன். பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்பது ஒரு ஃபைல், அது எப்படித் தெரிய வேண்டும் என்பது வேறு ஃபைல், அந்த இரண்டாவதுதான் ஸ்டைல்ஷீட். முதலாவது சாமி என்றால் இரண்டாவது அலங்காரம். உங்களுக்கே இதை எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்கள் பார்ப்பதற்காக எழுதுகிறேன்.

நான் முதலில் செய்தது நம் குன்றுக்கோயில் முருகனுக்கு ஒரு பக்கம். கும்பாபிஷேகக் கமிட்டியில் கேட்டார்கள், செய்து கொடுத்தேன். அபிஷேக நேரம் ஒரு கட்டம், அன்னதானம் ஒரு கட்டம், விசேஷ நாள் ஒரு கட்டம். கட்டம் போடக் கற்றதே நீங்கள் செய்த மில் பக்கத்தைப் பார்த்துத்தான், அதனால் கட்டங்களுக்கு நீங்கள் வைத்திருந்த அதே பெயர்களை அப்படியே வைத்தேன். வேறு பெயர் வைக்கலாம் என்று அப்போது தெரியாது. ஸ்டைல்ஷீட் கட்டத்தின் பெயரைப் பார்த்துத்தான் நிறம் பூசும். முதல் கட்டத்துக்குக் குங்குமச் சிவப்பு, இரண்டாவதுக்குச் சந்தன மஞ்சள், மூன்றாவதுக்கு வெற்றிலைப் பச்சை. பார்த்தவர்களெல்லாம் சாமி எதிரில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள். எனக்கும் மனசு நிறைந்து போனது. சாமிக்குப் போட்ட அலங்காரம் மில்லுக்கும் படட்டுமே, அதற்கென்று தனியாக ஒரு ஃபைல் எதற்கு, ஒன்றை வைத்து இரண்டுக்கும் நடத்திக்கொள்ளலாமே என்று கோயில் ஸ்டைல்ஷீட்டின் முகவரியையே மில் செட்டிங்கில் போட்டு, பூசைத்தட்டைக் காட்டி, சேவ் என்பதை அழுத்தினேன்.

அன்றிலிருந்து குஞ்சுத் தீவனம் சிவப்பு, வளர்கோழி மஞ்சள், முட்டைக்கோழி பச்சை. தங்கசாமி எழுத்தைப் படிப்பதையே விட்டுவிட்டார். டிவியில் கலரைப் பார்ப்பார், அந்த அடுக்கிலிருந்து எடுக்கச் சொல்வார். ஐந்து மாதம் ஒரு மூட்டை மாறவில்லை. உங்கள் மாமாகூட வந்தவர்களிடம், எங்கூட்ல பண்ணுனதுங்க என்று இரண்டு தரம் சொன்னதை என் காதால் கேட்டேன்.

பிறகு தைப்பூசம் வந்தது. நம் கோயிலில் பூசத்தன்று முருகனுக்குச் சிவப்புச் சாத்து, மறுநாள் வெள்ளைச் சாத்து, அதற்கு மறுநாள் பச்சைச் சாத்து. அலங்காரத்துக்குத் தக்கபடி கோயில் பக்கத்தின் மூன்று கட்டத்தையும் அன்றைய ஒரே நிறத்துக்குத் தினமும் காலையில் மாற்றினேன். பக்தர்கள் போனில்தானே பார்க்கிறார்கள் என்று நானும் போனில் பார்த்துச் சரி செய்துகொண்டேன். மில் பக்கமும் அதே ஃபைலில்தான் தொங்குகிறது என்பது என் நினைவிலேயே இல்லை. சிவப்பு நாள் ஞாயிற்றுக்கிழமை, மில் லீவு, தப்பித்தது. திங்கட்கிழமை காலையில், வெள்ளை என்றால் என்ன தீவனம் என்று கேட்டு தங்கசாமி ஆள் அனுப்பினார். வீட்டில் இருக்கும் என் கம்ப்யூட்டரில் பார்த்தேன், சிவப்பு மஞ்சள் பச்சை மூன்றும் பளிச்சென்று இருந்தது. டிவியில் தீவனத் தூசி படிந்திருக்கும், ஈரத்துணியில் துடையுங்கள் என்று சொல்லி, அன்றைக்கு வேண்டியதை வாயாலேயே சொல்லி அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஏனென்றால் மூன்று கட்டமும் பச்சை. பச்சை என்ன என்று அவருக்குத் தெரியும். போன வண்டியிலெல்லாம் முட்டைக்கோழித் தீவனத்தையே ஏற்றிவிட்டார்.

குஞ்சுப் பண்ணை வைத்திருக்கும் மஞ்சுளாவை உங்களுக்குத் தெரியும், உங்கள் கல்யாணத்தில் பந்தியில் நின்று ரசம் சரியில்லை என்று சொன்னவர். மூட்டையைப் பிரித்ததும் உள்ளே கிளிஞ்சல் தூள் கிடப்பதைப் பார்த்துவிட்டார். முட்டை ஓடு கெட்டியாக இருக்க முட்டைக்கோழிக்குத்தான் அதைக் கலப்போம். உடனே போன்.

"ஏனுங்கக்கா, எங்குஞ்சு முட்டைய விட்டு வெளிய வந்து ஒம்பது நாளு ஆவுது. கிளிஞ்சல் போட்டு அனுப்பியிருக்கறீங்க. நாளைக்கே முட்ட வெக்கச் சொல்றீங்களா?"

நல்லவேளை, ஒரு குஞ்சுகூட அதைக் கொத்தவில்லை. உடனே வண்டி அனுப்பி மாற்றிக் கொடுத்தோம். தங்கசாமியைக் கூப்பிட்டுக் கேட்டால், மூணும் பச்சையாத்தானுங்க இருந்துச்சு, மாரியாத்தா மேல சத்தியமுங்க என்கிறார். நான் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன். அதில் மூன்று நிறம். அவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். பாவம், வயது ஐம்பத்தெட்டு, பார்வை போய்விட்டது என்று முடிவு செய்து, அன்று மத்தியானமே திருச்செங்கோட்டுக்கு அழைத்துப் போய்க் கண்ணைச் சோதித்துக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தோம். புதன்கிழமை காலையில் கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு டிவியைப் பார்த்தார். திருவிழா முடிந்து நான் பழைய நிறங்களுக்கு மாற்றியதும் அதே புதன்கிழமை காலையில்தான். அக்கா, கண்ணாடி போட்டதும் மூணு கலரும் தனித்தனியாத் தெரியுதுங்க என்று கையெடுத்துக் கும்பிட்டார். மில்லில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் முருகனுக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

இப்போது மாசிப் பௌர்ணமிக்கு வருகிறேன். அன்றைக்குச் சந்திர கிரகணம். பிடிப்பது சாயந்திரம்தான் என்றாலும் நம் கோயிலில் காலையிலேயே நடை சாத்திவிட்டு, கிரகணம் விட்டுக் கழுவிச் சுத்தி செய்த பிறகுதான் திறப்பார்கள். பக்கத்தைப் பார்த்துவிட்டு ஓமலூரிலிருந்தெல்லாம் வண்டி பிடித்து வருகிறார்கள், வந்து ஏமாறக் கூடாதே என்று முதல் நாள் ராத்திரியே ஸ்டைல்ஷீட்டில் நாலு வரி சேர்த்தேன். பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் மறை, பின்னால் கறுப்பு, நடுவில் வெள்ளை எழுத்தில், கிரகணத்தை முன்னிட்டு நடை சாத்தப்பட்டுள்ளது, சுத்திக்குப் பிறகு திறக்கப்படும் என்று காட்டு. பொய் சொல்ல மாட்டேன், போனில் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு சென்னிமலை போன் செய்தார். நம் பெரிய பண்ணைக்காரர், எண்பதாயிரம் கோழி. குரல் ரொம்பத் தணிவாக இருந்தது. ஏனுங்க தங்கச்சி, மச்சான் சௌகரியமா இருக்கறாருங்களா என்றார். இருக்காருங்கண்ணா, இட்லி சாப்பிட்டுட்டு மில்லுக்குப் போயிருக்காரு என்றேன். பிறகு ஏனுங்க நடையச் சாத்திட்டீங்க என்றார். வைத்த கையோடு அடுத்த போன், அதற்கடுத்த போன். அன்று மத்தியானம் ஒரு மணி வரை வந்த போன்களை நேரத்தோடு நோட்டில் எழுதியிருக்கிறேன். மொத்தம் அறுபத்தொன்று. அதில் தீவனம் கேட்டது பதினேழு. மில் மூடிவிட்டதா, என்ன கஷ்டம் என்று துக்கம் விசாரித்தது இருபத்திரண்டு. மில் வாசலுக்கு எத்தனை மணிக்குத் தண்ணி விடுவீர்கள், சுத்தி முடிந்ததும் முதல் லோடு எங்களுக்கு வேண்டும் என்று நம்பிக்கையோடு கேட்டது பதினான்கு. மீதி எட்டும் உங்கள் மாமா, மில்லிலிருந்து.

என் கம்ப்யூட்டரில் மட்டும் பக்கம் வழக்கம்போல இருந்தது. பிரவீனாவைக் கூப்பிட்டேன். அம்மா, உன்ற கம்ப்யூட்டர் பழைய ஸ்டைல்ஷீட்டையே எடுத்து வெச்சுக்கிட்டுக் காட்டுது, கண்ட்ரோலும் எஃப் அஞ்சும் சேத்து அழுத்து, புதுசக் கொண்டு வரும் என்றாள். அழுத்தினேன். ஊரெல்லாம் சாத்தியிருந்தபோது திறந்திருந்த ஒரே கம்ப்யூட்டரும் நடை சாத்திக்கொண்டது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கோயில் ஃபைல், மில் செட்டிங், தைப்பூசம், தங்கசாமியின் கண்ணாடி, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து எதிரில் நின்றது. செட்டிங்கில் போய் அந்த முகவரியை எடுத்துவிடலாம் என்று பார்த்தால், எல்லாவற்றையும் மறை என்று எழுதினேன் இல்லையா, அந்த எல்லாவற்றில் செட்டிங்கும் சேர்ந்துவிட்டது. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதைதான்.

அதற்குள் உங்கள் மாமா வண்டியை ஸ்டாண்ட் போடாமலே விட்டுவிட்டு உள்ளே வந்தார். விவரம் சொன்னேன். கோயில் ஃபைலில் அந்த நாலு வரியை அழித்தால் மில் திறந்துவிடும், ஆனால் கோயில் நடையும் கூடவே திறந்துவிடும் என்றேன்.

"கோழிக்குக் கெரகணம் உண்டா புள்ள?"

"கோழிக்கு இல்லீங்க. கோயிலுக்கு உண்டு."

அவர் முகம் போன போக்கை எழுத வேண்டாம். நான் பூசாரி காளிதாஸுக்குப் போன் செய்து, ஐந்து நிமிஷம் மட்டும் போனில் தெரியும் நடையைத் திறந்து மூடிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, அக்கா, அந்த அஞ்சு நிமிசத்துல ஒருத்தரு பாத்தாப் போதுமுங்க, குரூப்ல போட்ருவாரு, நூறு பேரு வாசல்ல வந்து நிப்பாங்க, நான் என்னங்க பதில் சொல்றது என்றார். நியாயம்தானே. உங்கள் மாமா கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்கிறார். அங்கே தீவனம் கலக்கும் மிக்ஸர் ஓடாமல் மில்லே அமைதியாக இருந்தது. மறுநாள் காலைக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் கோழிக்குத் தீனி போக வேண்டும்.

கந்தா என்று ஒரு நிமிஷம் கண்ணை மூடினேன். மூடினபோது மனசில் வந்தது, அபிஷேகத்துக்கு முன்னால் அலங்காரம் கலைத்துவிட்டு மூலவரைக் காட்டுவார்களே, அது. அலங்காரம் போனால் சாமி எங்கும் போய்விடாதே. இரண்டாவது நோட்டை எடுத்துப் புரட்டினேன். இருந்தது. நரிப் படம் போட்ட பிரவுசரில் மேலே வியூ, அதற்குள் பேஜ் ஸ்டைல், அதற்குள் நோ ஸ்டைல். அழுத்தினால் எந்தப் பக்கமும் ஸ்டைல்ஷீட் எதுவும் இல்லாமல் வெறும் எழுத்தாக நிற்கும். அழுத்தினேன். கறுப்பு போனது. நிறம் இல்லை, கட்டம் இல்லை, இடது ஓரமாக எல்லாம் வரிசையாக நின்றது, செட்டிங்கும் நின்றது. முகவரியை அழித்தேன், சேவ் கொடுத்தேன். மணி ஒன்று பத்து. மில் திறந்தது, கோயில் திறக்கவில்லை. சாயந்திரத்துக்குள் நாற்பத்து மூன்று பண்ணை ஆர்டரும் வந்து சேர்ந்து, மிக்ஸர் ஓடி, மறுநாள் ஒரு கோழியும் பட்டினி கிடக்கவில்லை. தங்கசாமியிடம் போய், கண்ணில் கோளாறு இல்லை, கோளாறு என்னிடம் என்று ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கையால் பிடித்துக்கொண்டு, கண்ணாடிய மட்டும் கழட்டச் சொல்லாதீங்கக்கா, ஊட்ல நல்லாருக்குதுன்னு சொல்றாங்க என்றார்.

ஆனால் உங்கள் மாமாவின் மனசு ஆறவில்லை. மூன்று நாள் கழித்து ஆட்டையாம்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் யாரோ, உங்க மில்லு தொறந்தாச்சுங்களா, நெய்விளக்குப் போடணும் என்று கேலி செய்திருக்கிறார்கள். வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னார்.

"இனிமே அந்தப் பொட்டியில உன்ற கை படக் கூடாது. மாப்பிள்ளைக்கு எழுதிச் சாவியக் குடுத்துரு. அவரு பாத்துக்கட்டும், இல்லீன்னா நாமக்கல்லுல கம்ப்யூட்டர்காரன் எவனையாச்சும் வெச்சுக்கலாம்."

தப்பு என்னுடையது. கோயிலுடையதைக் கோயிலோடும் மில்லுடையதை மில்லோடும் வைத்திருக்க வேண்டும். அலங்காரத்தை இரவல் வாங்கினால் அவர்கள் கலைக்கும்போது நமக்கும் கலையும். மூன்றாவது நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதைச் சிவப்பு மையில் எழுதி வைத்துவிட்டேன். ஒன்பது நாளாக மில் பக்கம் நீங்கள் கொடுத்த சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது. அடக்கமாகத்தான் இருக்கிறது. யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்கும் மத்தியானத்தில் ஒரு மணி நேரம் மிச்சமாகிறது, வடகம் பிழிந்து காய வைத்திருக்கிறேன்.

ஆகவே மாப்பிள்ளை, மில் பக்கத்தின் பொறுப்பை இன்று முதல் உங்களிடமே ஒப்படைக்கிறேன். பாஸ்வேர்டு: வேலுமயிலு, இங்கிலீஷில் எல்லாம் சின்ன எழுத்து, கடைசியில் ஆறும் எட்டும். நீங்கள் வேலைக்கு நடுவில் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் மாமா சொல்கிறபடி வேறு ஆளைப் பாருங்கள். நான் இனி அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன் என்று குன்றுக்கோயில் முருகன் சாட்சியாக எழுதித் தருகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எப்போதாவது மாமாவிடம் பேசும்போது, அத்தை செய்த தப்பு தெரியாமல் செய்த தப்பு, ஆனால் திறந்தது தெரிந்து திறந்தது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்.

முறுக்கு நான்கு பாக்கெட்டும் வடகமும் இத்துடன் கூரியரில் வருகிறது. குழந்தைக்கு முத்தம். பிரவீனாவை வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஏசியில் உட்கார வேண்டாம் என்று சொல்லவும். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடும் குறையாத வேலையோடும் நிறைந்த மனசோடும் இருக்க வேலவன் கூடவே நிற்கட்டும்.

இப்படிக்கு
உங்கள் நலம் கோரும் அத்தை
தெய்வநாயகி

பின்குறிப்பு: கவரில் போட்டு ஒட்டுவதற்குள் உங்கள் மாமா வந்தார். வந்து தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடித்துவிட்டுப் போகாமல் நின்றார். ஷெட்டில் காலையிலிருந்து மூன்று வண்டி லோடாகாமல் நிற்கிறதாம். தங்கசாமி டிவிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறாராம், ஒன்பது நாளாக இதே கதையாம், எனக்குச் சொல்லக் கூடாது என்று மில்லில் எல்லோரிடமும் இவரே சொல்லி வைத்திருந்தாராம். நேற்று மஞ்சுளா வீட்டுக்கு மறுபடியும் கிளிஞ்சல் போய், இந்த முறை அவர் போன் செய்யாமல் மூட்டையோடு நேரிலேயே வந்துவிட்டாராம். உங்கள் மாமா காலண்டரைப் பார்த்துக்கொண்டே, அந்தக் கலரப் போட்டு உடு புள்ள என்றார். மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதிவிட்டேனே என்றேன். அவருக்கு அங்க ஆயிரம் வேலை, அவர எதுக்குத் தொந்தரவு பண்ற என்றார். மில்லுக்கென்று தனி ஸ்டைல்ஷீட் எழுதி, மில்லின் சொந்த இடத்திலேயே வைத்து, இருபது நிமிஷத்தில் போட்டுவிட்டேன். இப்போது மூன்று வண்டியும் கிளம்பிவிட்டது. குஞ்சுத் தீவனத்துக்குச் சிவப்பு இன்னும் கொஞ்சம் அழுத்தமாக இருந்தால் தேவலை என்று உங்கள் மாமாவே ஷெட்டிலிருந்து போன் செய்து சொல்கிறார், அதையும் மாற்றிக் கொடுத்தேன். கடிதத்தைக் கிழித்து எழுத மனசில்லை, ஏழு பக்கம் ஆகிவிட்டது. ஆகவே முறுக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே எழுதிய பாஸ்வேர்டை அடித்துப் பார்க்க வேண்டாம், திறக்காது. மாற்றிவிட்டேன்.